கல்லூரியில் சேர்ந்த மாடி வீட்டம்மா

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் அவரை ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை எடுக்கிற அறை அது. ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே கிடக்கும். ஏசி குளிருக்குப் பயந்து ஆளாளுக்கு ஒரு சால்வையை நாற்காலி முதுகில் போட்டு வைத்திருப்போம். ஆனால் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது அந்தக் குளிரால் அல்ல. எதிர்முனையில் இருப்பவர் கதறினாலும் திட்டினாலும், கூட இருக்கும் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும், அவர் குரல் ஒரு இழைகூட ஏறாது. இடம் எது, என்ன நடந்தது, மூச்சு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிவிடுவார்.

ஒருமுறை ஒரு ஆள் கூப்பிட்டு ஒன்றுமே பேசவில்லை. வெறும் மூச்சுச் சத்தம். நானாக இருந்தால் நாலு தடவை ஹலோ சொல்லிவிட்டு, யாரோ விளையாடுகிறார்கள் என்று வைத்திருப்பேன். அக்கா, “நான் இங்கதான் இருக்கேன், நீங்க மெதுவா சொல்லுங்க” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். மேற்பார்வையாளர் கையால் ‘வை, வை’ என்று சைகை காட்டினார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆளுக்கு வாய் வந்தது. அவருடைய அப்பா குளியலறையில் விழுந்து கிடந்தார். வண்டி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பிறகு கேட்டேன். “சொல்ல வந்தது வாய்க்குள்ளயே மாட்டிக்கிட்டா எப்படி மூச்சு விடுவாங்கன்னு எனக்குத் தெரியும். வீட்டுல கேட்டுக் கேட்டுப் பழகின சத்தம் அது” என்றார்.

அவருடைய ஒரே மகளுக்குத் திக்கும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அக்கா ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்திருந்தவர். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்களை மைக்கில் கூப்பிடுவதுதான் அங்கே அவர் வேலை. அழுகிற குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பதறாமல் அடையாளம் சொல்லிச் சொல்லி, தாய் தகப்பனை வரவழைப்பாராம். அந்தக் கடையின் எதிர்வரிசையில் ஒரு சலூன். அதை நடத்தியவர்தான் பின்னாளில் அவர் கணவரானார்.

சலூன்காரரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. வாய் ஓயாத மனுஷன். கத்தரியும் வாயும் ஒரே தாளத்தில் போகும். வாடிக்கையாளர் பாதி வாக்கியம் சொல்வதற்குள் மீதியை இவர் சொல்லி முடித்துவிடுவார். அந்தத் தொழிலில் அது ஒரு சாமர்த்தியம். நாற்காலியில் சாய்ந்தவர் தலையை அசைக்கும்போதே என்ன வேண்டுமென்று தெரிந்து துண்டை நீட்டுகிறவரிடம்தானே மறுபடி வருவார்கள்? வீட்டிலும் அதே பழக்கம். மகள் ஒரு வார்த்தையில் தடுக்கி நின்றால் போதும், துண்டை நீட்டுகிற மாதிரி அந்த வார்த்தையை எடுத்து நீட்டிவிடுவார். பாசம்தான். ஆனால் பாதி நேரம் அவர் நீட்டுவது வேறு வார்த்தையாக இருக்கும்.

அக்கா வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார். அவள் ஆரம்பித்தால் அவளே முடிக்கட்டும், நடுவில் யாரும் பிடுங்கக் கூடாது. சட்டம் போட்ட நாளிலிருந்து சலூன்காரர் அதை மீறிக்கொண்டே இருந்தார், அக்கா முறைத்துக்கொண்டே இருந்தார். பேச்சுப் பயிற்சிக்கும் பல வருஷம் கூட்டிப் போனார்கள். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மகளுக்கும் அது பெரிய பாரமாக இருந்ததாகத் தெரியவில்லை. பேச ஆசைப்பட்ட பெண். நேரமெடுத்துப் பேசுவாள், சண்டை போடுவாள், ஜோக் சொல்வாள். ஜோக்கின் கடைசி வரியில் மாட்டிக்கொண்டால் நாம் காத்திருக்கும் அந்த இடைவெளியே இன்னும் சிரிப்பு மூட்டும்.

இனி அவள் பேசுகிற இடங்களில் அந்தத் திக்கலை நான் எழுத்தில் போடப் போவதில்லை. படிக்கிறவர்கள் நேரத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் முழுக்க ஒரே இடத்தில் படித்தாள். பால்வாடி வயசிலிருந்து கூடவே வளர்ந்த பிள்ளைகள். அவளைத் தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை. அக்கா பின்னாளில் என்னிடம் சொன்னார், நாங்கள் கவனிக்காமல் விட்டது அதைத்தான் என்று. அத்தனை வருஷமும் அவள் ஒரு தடவைகூடத் தன் பெயரை யாருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை. திக்குகிறவர்களுக்கு எல்லா வார்த்தையையும்விடச் சொந்தப் பெயர்தான் கஷ்டம். மற்ற வார்த்தை மாட்டிக்கொண்டால் வேறு வார்த்தைக்கு மாறிக்கொள்ளலாம். பெயருக்கு மாற்று ஏது?

கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்று அவளேதான் சொன்னாள். சலூன்காரருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. வரைகிற படிப்பு, வாய்க்கு வேலை இல்லை என்று கணக்குப் போட்டார். வாராவாரம் தான் வரைந்ததன் பக்கத்தில் நின்று வகுப்புக்கே விளக்கிச் சொல்ல வேண்டிய படிப்பு அது என்பது மகளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சேர்ந்தாள்.

கல்லூரி வேறு ஊரில். விடுதியில் கொண்டுபோய் விட இரண்டு பேரும் போனார்கள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த விடுதிக் காப்பாளர் நிமிர்ந்து பார்த்து, பெயர் என்ன என்று மகளைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் சலூன்காரர் சொல்லிவிட்டார். அறை எண், ரத்த வகை எல்லாம் அவரே. காப்பாளர் சாவியைக் கூட அவர் கையில்தான் கொடுத்தார்.

மாடிப்படி ஏறும்போது மகள் நின்றாள். கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். “அப்பா, இனிமே என்கிட்ட கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்றாள். கோபமில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். சலூன்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அதற்கப்புறம் அறை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாழ்நாளில் அதுதான் மிக நீண்ட மௌனம் என்று அக்கா சொல்லுவார்.

முதல் வாரம் மகளிடமிருந்து செல்போனில் படமாக வந்துகொண்டிருந்தது. நூலகத்து வளைவு, மரத்தடி பெஞ்சு, வரைபலகை, மழை நின்ற முற்றம். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்று இரண்டு சொல்லில் பதில். சலூன்காரர் ஒவ்வொரு படத்தையும் சலூனில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அக்கா ஓய்வு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“நல்லா எடுத்திருக்கா இல்லக்கா?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுலயும் ஆளைக் காணோம்” என்றார்.

ஆனாலும் அவர் கூப்பிட்டுத் துருவவில்லை. கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் வரும், அந்தப் பதிலை வாங்குவதற்காக எதற்குக் கேட்கணும் என்றார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மகளே கூப்பிட்டாள். அக்கா அன்று காலை வேலை முடித்து, சலூனுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கணவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். எதிர்முனையில் மூச்சு மட்டும். சலூன்காரர் வாயைத் திறந்தார். அக்கா மேசையில் கிடந்த சீப்பை எடுத்து அவர் பல்லுக்கு நடுவில் வைத்துவிட்டார். ‘கடிச்சுக்குங்க’ என்று உதட்டசைவில் சொன்னார். அவரும் கடித்துக்கொண்டார்.

மகள் சொன்னது இதுதான். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வகுப்பிலும் எழுந்து நின்று பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள். ஒரு வகுப்பில் தன் முறை நெருங்கும்போது தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டாள். இன்னொன்றிலும் அதே போல. மூன்றாவது வகுப்புதான் வரைதல் கூடம். அங்கே நாள் பூராவும் உட்கார வேண்டும், தப்பிக்க வழியில்லை. அவள் எழுந்து நின்றாள். பெயர் வரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். தொண்டையில் நின்றது நின்றபடி நிற்க, வேறொரு பெயர் வழுக்கிக்கொண்டு வந்து வெளியே விழுந்துவிட்டது. ஒரு திக்கலும் இல்லாமல், தெளிவாக. எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நாளிலிருந்து வகுப்பு முழுக்க அவளை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறது. வாத்தியார் தன் பட்டியலில் அந்தப் பெயரைக் காணாமல், அலுவலகத்தில் விட்டுப்போயிருக்கும் என்று தானே கீழே எழுதிக்கொண்டார். பட்டியலில் ஏற்கெனவே இருக்கிற அவளுடைய நிஜப் பெயரைக் கூப்பிட்டால் பதிலில்லை. எப்படிப் பதில் சொல்வாள்? இந்தப் பெண் ஒரு நாள்கூட வரவில்லை, வருகிற வாரமும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடும்படி அலுவலகத்துக்குச் சொல்லிவிடுகிறேன் என்று அன்று காலையில் வாத்தியார் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். இவள் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யார் பேரைச் சொன்னே?” என்று அக்கா கேட்டார்.

“மாடி வீட்டம்மா பேரை.”

சீப்பு கீழே விழுந்தது.

அவர்கள் வீட்டுக்கு மேல் குடியிருக்கிற பாட்டு டீச்சரைத்தான் மாடி வீட்டம்மா என்பார்கள். அந்த அம்மாளுக்கும் சலூன்காரருக்கும் பல வருஷப் பகை. அவர் துணி காயப்போடும் நேரம் பார்த்து அந்த அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, அந்தப் பெயரா கிடைத்தது என்று சலூன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தாங்க முடியாமல் சிரித்தார். மகளும் அந்தப் பக்கம் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிந்ததும் அழுதாள்.

சலூன்காரருக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. மாலை பஸ்ஸைப் பிடித்தால் காலையில் வாத்தியாரின் அறை வாசலில் நிற்கலாம், ஒரே நிமிஷத்தில் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று சட்டையை மாற்றவே போய்விட்டார். மகள் அவசரமில்லாமல் சொன்னாள். “வேண்டாம்ப்பா. நீங்க வந்து சொன்னா, என் பேரையும் நீங்கதான் சொல்லுவீங்க.” அடுத்த வாரம் தானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரைக்கும் யாரும் எதுவும் செய்ய வேண்டாம் என்றாள்.

செய்ய வேண்டாம் என்று சொல்வது சுலபம். மறுநாள் ஐஸ் அக்காவே உருகிவிட்டார். இதை அவர் என்னிடம் சொன்னபோது அவருக்கே சிரிப்பாக இருந்தது. வீட்டில் யாருமில்லாத நேரம் கல்லூரியின் எண்ணைத் தேடி எடுத்து, துறை அலுவலகத்துக்கு அடித்தார். விஷயத்தைச் சொல்லி, அந்த வாத்தியார் காதில் போட்டு வையுங்கள் என்று மட்டும் கேட்பதுதான் திட்டம். ஒரு பெண் எடுத்து, யார் பேசுவது என்று கேட்டாள். இன்னாரின் அம்மா என்று சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்தபோதுதான், மகள் வேண்டாம் என்றது எதை என்று அவருக்கு முழுசாகப் புரிந்தது. “மன்னிச்சுக்குங்கம்மா, நம்பர் மாறிடுச்சு” என்று வைத்துவிட்டார். ஆயிரம் பேரிடம் அலுங்காமல் பேசியவர், அன்று போனை வைத்ததும் அந்த எண்ணையே அழித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மகளிடமே கேட்டார். “நாங்க ஒண்ணும் செய்யலை. நீ என்ன செய்யச் சொல்றியோ அதை மட்டும் செய்யறோம். ஏதாவது இருக்கா?”

மகள் யோசித்துவிட்டு, உங்கள் ஆபீசில் புதிதாக வருபவர்களுக்கு ஒரு பயிற்சி வைப்பீர்களே, அதை எனக்கு வையுங்கள் என்றாள்.

எங்கள் அறையில் புதியவர்களை நேரடி அழைப்புக்கு விடுவதற்கு முன் பொய் அழைப்பு கொடுத்துப் பழக்குவோம். அடுத்த அறையிலிருந்து ஒருவர் போன் செய்து, மாரடைப்பு வந்தவரின் மனைவி மாதிரியோ, குடித்துவிட்டு உளறுகிறவர் மாதிரியோ நடிப்பார். அதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆகவே அந்த வாரம் சாயங்காலம் தோறும் சலூனில் கூட்டம் குறைந்த நேரத்தில், பின்னறையில் வகுப்பு நடந்தது. அக்கா வாத்தியார். மகள் விடுதி மொட்டைமாடியில் நின்றுகொண்டு மாணவி.

முதல் நாள் சரிப்படவில்லை. அக்கா வாத்தியார் மிகவும் நல்லவராக இருந்தார். மெதுவாகச் சொல்லும்மா, பரவாயில்லைம்மா என்றார். “அம்மா, இந்த வாத்தியார் எங்க கிடைப்பார்? நான் இப்பவே அந்தக் காலேஜுக்கு மாறிக்கிறேன்” என்றாள் மகள். கொஞ்சம் கடுமையாக இரு என்று கேட்டாள். அக்காவால் முடியவில்லை. எங்கள் அறையில் குடிகாரனாக நடிப்பவரால், சொந்தப் பெண்ணை அதட்ட முடியவில்லை.

அப்போதுதான் சலூன்காரர் வாயிலிருந்து சீப்பை எடுத்துவிட்டு, நான் கடைசி பெஞ்சு என்றார்.

சலூனில் உட்கார்ந்து ஊர் இளைஞர்களின் பேச்சையெல்லாம் கேட்டவராயிற்றே. கனைத்தார், கொட்டாவி விட்டார், நாற்காலியை இழுத்தார், “சீக்கிரம் சொல்லும்மா, கேன்டீன் மூடிடுவான்” என்றார். அவள் பெயரில் மாட்டிக்கொண்டு நின்றபோது, கடைசி பெஞ்சுக்காரன் சிரிக்கிற ஒரு அசட்டுச் சிரிப்பையும் சிரித்தார். அக்காவுக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. மகள் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து, பெயரைச் சொல்லி முடித்தாள். “இன்னொரு தடவைப்பா” என்றாள். அடுத்த தடவை அவர் சிரித்தபோது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அவள் வார்த்தையை முடித்துக் கொடுத்தே வந்த மனுஷன், அந்த வாரம்தான் அவள் முடிக்கிற வரைக்கும் தன் வேஷத்தை விட்டு வெளியே வராமல் உட்கார்ந்திருந்தார். போனை வைத்ததும் முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை என்றார் அக்கா.

ஒன்றை மட்டும் அவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. திக்காமல் பேசு என்று யாரும் சொல்லவில்லை. திக்கினால் திக்கட்டும், ஓடாமல் நில், அவ்வளவுதான் பயிற்சி.

அந்த நாள் வந்தது. அக்காவுக்கு அன்று காலை வேலை. வழக்கம்போல அழைப்புகளை எடுத்தார். ஒரு குழந்தை காசு விழுங்கியது, ஒரு முதியவருக்கு மூச்சு முட்டல், சாலையில் ஒரு விபத்து. குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஓய்வு நேரத்தில் அவர் தன் டீயைக் குடிக்காமல் என் டீயை எடுத்துக் குடித்ததை நான் பார்த்தேன்.

மகள் சாயங்காலம் கூப்பிட்டாள். நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன்.

அட்டையில் செய்த சின்ன வீட்டு மாதிரியை ஒவ்வொருவரும் மேசையில் வைத்து விளக்கும் நாள் அது. இவள் முறை வந்ததும் எழுந்து போய் நின்று, முதலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். எனக்குத் திக்கும், நேரமெடுக்கும் என்றாள். பட்டியலில் வராமலே இருக்கிற பெண் நான்தான், அன்றைக்கு என் பெயர் வராததால் வேறு பெயரைச் சொல்லிவிட்டேன் என்றாள். அப்படியானால் உன் பெயர் என்ன என்று வாத்தியார் கேட்டார்.

மாட்டிக்கொண்டது. முதல் எழுத்திலேயே நின்றது. அவள் நின்றாள். பின்னாலிருந்து ஒரு பையன், உதவி செய்கிற ஆர்வத்தில், அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு பெயரைச் சொன்னான்.

“அது இல்ல” என்றாள் இவள். அது மட்டும் பளிச்சென்று வந்தது.

இன்னொரு பெண் வேறொரு பெயரைச் சொன்னாள். அதுவும் இல்ல. மூன்றாவதாக ஒருவன் ஆண் பெயர் ஒன்றைச் சொன்னான். “அது கண்டிப்பா இல்ல” என்றாள். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். வாத்தியார் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். அவள் மூச்சை விட்டு, மறுபடி தொடங்கி, தன் பெயரைச் சொன்னாள். நாலு தடவை முதல் எழுத்தில் இடித்துவிட்டு, முழுசாக.

வாத்தியார் பட்டியலைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு கீழே தான் எழுதி வைத்திருந்த பெயரைக் காட்டி, அப்போது இது யார் என்றார். எங்கள் மாடி வீட்டில் இருக்கிற பாட்டு டீச்சர் என்றாள். அவர் வயசென்ன என்றார். அறுபது இருக்கும் என்றாள். நல்ல மாணவியை இழந்துவிட்டோம் என்று சொல்லி அந்தப் பெயரை அடித்துவிட்டு, சரி, உன் வீட்டை விளக்கு என்றார்.

இவ்வளவையும் மகள் போனில் சாவகாசமாகச் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் குரல் மாறியது. அக்கா அடுத்து என்னவோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளுக்கு உண்மையில் மனசு கஷ்டப்பட்டது வேறு விஷயத்துக்கு. அவள் செய்த மாதிரியில் மாடிப்படி தப்பு. ஏறுகிறவன் தலை மேல்தளத்தில் இடிக்கும். இதில் குடியிருப்பவன் தவழ்ந்துதான் படுக்கையறைக்குப் போகணும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று அவள் புலம்பின புலம்பலில், பெயர் விஷயம் எங்கேயோ போய்விட்டது. சலூன்காரர் சீப்பைக் கடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா அந்தப் படி எத்தனை அகலம், எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், விலாசம் கேட்கிற மாதிரி.

அதற்கப்புறம் எல்லாம் பாலும் தேனுமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். நடைபாதையில் ஒருவன் அவள் பேசுவதைப் போலப் பேசிக் காட்டினான். அவள் அறைத்தோழி அவனிடம் போய் என்ன சொன்னாளோ, நிறுத்திக்கொண்டான். இன்னும் அலுவலகத்துக்குப் போனில் பேச வேண்டியிருந்தால் அவள் தோழியிடம்தான் போனைக் கொடுக்கிறாள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்துவிட வேண்டும் என்று என்ன இருக்கிறது என்கிறார் அக்கா. ஆனால் வந்த படங்கள் மாறின. பசை ஒட்டிய விரல்களோடு நாலைந்து பேர், மேசையின் கீழே தூங்குகிற ஒருத்தி, அட்டை வெட்டுகிற கத்தியைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுக்கிற ஒருவன். மகள் ஓரத்தில் பாதி முகமாக நின்றாள்.

முதல் மாதம் முடிந்து, பெற்றோர் வந்து பார்க்கலாம் என்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். விடுதி வாசலில் சொல்லி அனுப்பினால், உள்ளே ஒரு பெண் சத்தமாக, “அதுயில்ல, உங்கப்பா அம்மா வந்திருக்காங்க” என்று கூப்பிட்டாள். சலூன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று வகுப்பில் அவள் பளிச்சென்று சொன்னதே மகளுக்குக் கல்லூரி முழுக்கப் பெயராகிவிட்டதாம். அதுயில்ல. இதை யார் வைத்தது, நான் பேசுகிறேன் என்று அவர் கிளம்பினார். மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். எனக்குப் பிடித்திருக்கிறது, இந்தப் பெயர் ஒரு தடவைகூட மாட்டிக்கொள்வதில்லை என்றாள். அவர் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நின்றார். போகிற வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் அவளை அப்படிக் கூப்பிட்டுக் கையசைத்தார்கள். மூன்றாவது ஆள் கூப்பிட்டபோது அவரும் கையசைத்தார்.

கேன்டீனில் அவளே வரிசையில் நின்றாள். மூன்று டீ, மூன்று பன் சொல்ல வேண்டும். கல்லாவில் இருந்தவர் முன்னால் அவள் மாட்டிக்கொண்டு நின்றதை, மேசையிலிருந்தே இரண்டு பேரும் பார்த்தார்கள். பின்னால் வரிசை நீண்டது. சலூன்காரர் சுவரில் இருந்த கடிகாரத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மகளின் முதுகைப் பார்த்தார். தோள் குறுகவில்லை, தலை குனியவில்லை. சொல்லி முடித்து, தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். ஒரு டீ கூடுதலாக இருந்தது. அது எதற்கு என்று அக்கா கேட்டார். மூன்று என்பதைவிட நான்கு சொல்ல வசதியாக இருந்தது, நீங்கள் இரண்டு குடியுங்கள் என்றாள்.

பிறகு வரைதல் கூடத்துக்குக் கூட்டிப் போய், புதிதாகச் செய்துகொண்டிருந்த பஸ் நிறுத்தத்தின் மாதிரியைக் காட்டினாள். மழைச்சாரல் எந்தப் பக்கமிருந்து வரும், கூரையை ஏன் இந்தச் சாய்வில் வைத்தேன், குழந்தையோடு நிற்பவர்கள் எங்கே சாய்ந்துகொள்வார்கள் என்று விளக்கினாள். நேரமெடுத்தது. அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது. சலூன்காரர், இந்தச் சுவரில் ஒரு கண்ணாடி வைத்தால் நின்றபடியே தலை சீவிக்கொள்ளலாமே என்றார். மகள் அதை அசட்டையாகத் தள்ளவில்லை. குனிந்து பார்த்து, யோசித்து, வெயில் அதில் பட்டு ஓட்டுநரின் கண் கூசும் என்று காரணம் சொல்லி வேண்டாம் என்றாள். அவரும் ஒத்துக்கொண்டார்.

கிளம்பும் நேரம் வந்தது. பஸ் வரை வருவாள் என்று நினைத்தார்கள். அவள் கூரையை விரலால் அழுத்திப் பிடித்தபடி, பசை காய்கிறது, கையை எடுத்தால் நழுவிவிடும், நீங்கள் போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள் என்றாள். அக்கா அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார். சலூன்காரர் அந்த முடியைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை கத்தரியைக் கொண்டு வருகிறேன் என்றார். வெளியே வந்து மரத்தடிப் பாதையில் நடக்கும்போது, பெற்றவர்களைவிடப் பசை பெரிசாகப் போயிற்றா என்று கொஞ்ச தூரம் முணுமுணுத்தார். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்ததும் அவர் தூங்கிவிட்டார், வாய் திறந்தபடி. அக்கா மறுநாள் காலை வேலைக்கு அலாரம் வைத்துவிட்டு, கேன்டீனில் சாப்பிடாமல் பையில் போட்டு வைத்திருந்த பன்னைப் பிரித்துச் சாப்பிட்டார்.